ஐந்நூறு ரூபாயை எங்கே போடலாம்? சென்னையின் சுயாதீன இசைக்கு ரசிகர் கொடுக்கும் காசு போகும் வழிகள்

மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தச் செலவில் ரெக்கார்ட் செய்து வெளியிடும் உள்ளூர்க் கலைஞர்களுக்காக நீங்கள் ஒதுக்கும் தொகை அது. ஸ்ட்ரீமிங் சந்தா கட்டலாம், யூடியூபில் மெம்பராகலாம், ஆல்பத்தை விலைக்கு வாங்கலாம், நேராக ஜிபே செய்யலாம், டிக்கெட் எடுத்துக் கச்சேரிக்குப் போகலாம். எல்லாமே 'ஆதரவு' என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் கலைஞரின் கைக்குப் போய்ச் சேரும் தொகை வழிக்கு வழி பெரிதாக மாறுகிறது.

இதை ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்? சினிமாப் பாட்டென்றால் ஸ்டூடியோ வாடகை, வாசிப்பவர்களின் சம்பளம், மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் தயாரிப்பாளர் செலவு. சுயாதீனக் கலைஞருக்கு அதெல்லாம் சொந்தப் பணம், இல்லையென்றால் கடன். திரும்பி வந்தால்தான் அடுத்த பாட்டு.

ஸ்ட்ரீமிங் சந்தா

பெரும்பாலானோர் இதைத்தான் ஆதரவு என்று நம்புகிறோம். வியாசர்பாடிப் பையன் ஒருவரின் ராப் பாட்டுகளை மட்டுமே மாதம் முழுக்கக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் சந்தா அவருக்குப் போகும் என்று தோன்றும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் அப்படி நடப்பதில்லை. எல்லோருடைய சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே குவியலில் சேர்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாட்டுகளின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கு. அந்தப் பங்கை, மொத்தம் எத்தனை தடவை எந்தப் பாட்டு ஓடியது என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். நம் ஊரில் எது அதிகம் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒரு சினிமாப் பாட்டுகூடக் கேட்காத மாதத்திலும் உங்கள் சந்தாவில் பெரும்பங்கு சினிமாப் பாட்டு லேபிள்களுக்கே, அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனங்களுக்கே, போகும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சவுண்ட்கிளவுட் 2021-இல், ஒரு ரசிகர் தரும் காசு அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரிந்து போகும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் சவுண்ட்கிளவுடுக்குக் காசு கட்டுகிறோம்?

புதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் ராயல்டி கணக்குக்கே வரும். 900 தடவை ஓடிய பாட்டுக்குப் பூஜ்ஜியம். தொகை சின்னதுதான், முதல் பாட்டு போட்டவருக்கு அதனால் குடி முழுகிப் போகாது. இருந்தாலும் வாசலிலேயே இப்படி ஒரு கம்பி வேலி.

அப்புறம், சேவையே மூடிப் போகும் ஆபத்து. ரெசோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே வருடம் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட்டுகள் கதை முடிந்தது.

ஸ்ட்ரீமிங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலோ கிள்ளானிலோ இருக்கும் ஒருவர் சென்னை பேண்டைக் கண்டுபிடிப்பது அங்கேதான். பாட்டைச் சேமிப்பது, ஃபாலோ செய்வது, பிளேலிஸ்ட்டில் வைப்பது எல்லாம் அந்தப் பாட்டை இன்னொருவர் கண்ணில் படவைக்க உதவும். சந்தாவை உங்கள் காதுக்கான செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், 500 ரூபாய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

யூடியூப், அங்கே யாருடைய சேனல்?

காசே இல்லாதவருக்கு யூடியூப்தான் நல்ல இடம். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க ஒரு சேனலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 700 பேரோடு நிற்கும் சேனலுக்கு நீங்கள் 701-ஆவது ஆள். லட்சம் பேர் உள்ள சேனலில் உங்கள் சப்ஸ்கிரிப்ஷன் கடலில் கரைத்த பெருங்காயம். கல்லூரி மாணவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியதில் இதைவிட உருப்படியானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. மெம்பர்ஷிப் வசதி வைத்திருக்கும் சேனல் என்றால் நீங்கள் கட்டுவதில் 70 சதவீதம் சேனலுக்குப் போகும்.

ஆனால் சேனல் யாருடையது என்று பார்க்க வேண்டும். கலைஞரின் சொந்தச் சேனலும் லேபிளின் சேனலும் ஒன்றல்ல. லேபிள் வீடியோவுக்குச் செலவு செய்யும், பெரிய கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பதிலுக்குப் பெரும்பாலும் ஒலிப்பதிவின் உரிமையை வாங்கிக்கொள்ளும். 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் மாஜா என்ற லேபிள் வழியாக வந்து கோடிக்கணக்கான பார்வைகளைத் தாண்டியது. சுயாதீன இசை ஜெயித்துவிட்டது என்று நாமெல்லாம் கொண்டாடினோம். மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டின் வருமானம் இதுவரை கலைஞர்களுக்கு வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டுச் சொன்னார். ஒப்பந்தத்தில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பார்வை எண்ணிக்கையைப் பார்த்து 'இவர் செட்டிலாகிவிட்டார், இவருக்கு நம் காசு எதற்கு' என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆல்பத்தின் அடியில் வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்டு ஒரு வரி இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் என்பதை அது சொல்லும். அங்கே கலைஞரின் பெயரோ அவருடைய சொந்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால், நீங்கள் கேட்பதன் பலன் நேராகப் போகிறது என்று ஓரளவு நம்பலாம்.

ரீல்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டை ஃபோனில் பதிவு செய்து உங்கள் 'ஒரிஜினல் ஆடியோ'வாகப் போடாதீர்கள். தேடினால் அதிகாரபூர்வ ஆடியோ இருக்கும், அதை எடுங்கள். அப்போதுதான் கேட்பவர் கலைஞரிடம் போய்ச் சேருவார்.

பேண்ட்கேம்ப்பா, ஜிபேயா?

காகிதத்தில் பார்த்தால் பேண்ட்கேம்ப் அருமையானது. கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேராக இசை விற்க 2008-இல் தொடங்கிய தளம். இசையை விற்றால் 15 சதவீதம், டி-ஷர்ட் மாதிரிப் பொருட்களுக்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றச் செலவும் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குப் போகிறது என்பது அவர்களே சொல்லும் கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' நாட்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. ஃபைலும் உங்களுடையதாகிவிடும், சேவை மூடினாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். கலைஞர் குறைந்தபட்ச விலை வைத்தால் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

சென்னையில் இருந்துகொண்டு சென்னைக் கலைஞரின் ஆல்பத்தை வாங்கப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. அங்கே கலைஞருக்குப் பணம் பேபால் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. பேபாலோ 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் பணம் வரும், மயிலாப்பூரிலிருந்து பெரம்பூருக்குப் போகாது! டொரொண்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழருக்குப் பேண்ட்கேம்ப் முதல் தேர்வு, உள்ளூர்க்காரருக்குத் தலைவலி. போதாக்குறைக்கு 2022-இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கி, அடுத்த வருடமே சாங்டிரேடருக்கு விற்றது. கைமாறியபோது ஊழியர்களில் பாதிப் பேர் வெளியே. தளம் இன்னும் ஓடுகிறது, ஆனால் நிரந்தரம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

உள்ளூரில் அந்த வேலையைச் செய்வது யூபிஐதான். 2020 ஜனவரி முதல் யூபிஐக்கு வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம் கிடையாது. நீங்கள் அனுப்பும் 200 ரூபாய் 200 ரூபாயாகவே போகும், இந்த அலசலில் கழிவே இல்லாத ஒரே வழி இது. மேடை ஓரத்தில் ஒரு க்யூஆர் அட்டை, இன்ஸ்டா பக்கத்தில் ஒரு எண், அவ்வளவுதான் தேவை. ஆனாலும் பலர் வைப்பதில்லை. கூச்சம், கையேந்துவது போலத் தோன்றுமாம். நம் கூத்து மேடைகளில் 'இன்னார் 100 ரூபாய் அன்பளிப்பு' என்று ஆட்டத்தின் நடுவிலேயே மைக்கில் அறிவிப்பார்கள், கொடுப்பவருக்கும் அது பெருமை, வாங்குபவருக்கும் பெருமை. கிடாரைத் தூக்கியதும் அந்த வழக்கம் எப்படிக் கேவலமாகிப் போனது?

ஜிபேயின் குறை என்னவென்றால், அது எந்த எண்ணிக்கையிலும் சேராது. எந்தப் பட்டியலிலும் பாட்டை மேலே ஏற்றாது. தொடர்ச்சியும் உங்கள் ஞாபக சக்தியைப் பொறுத்தது.

டிக்கெட்

என் ஓட்டு இதற்குத்தான், ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

300 ரூபாய் டிக்கெட், 100 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 30,000 ரூபாய். அரங்க வாடகை, சவுண்ட், விளக்கு எல்லாம் போக நான்கு பேர் கொண்ட பேண்டுக்குப் பெரிதாக மிஞ்சாது. இருந்தும் அதே தொகையை ஸ்ட்ரீமிங்கில் பார்க்க லட்சக்கணக்கான தடவை பாட்டு ஓட வேண்டும். சின்ன அரங்குக்கு இன்னொரு வசதியும் உண்டு: இசை நிகழ்ச்சி டிக்கெட் தலைக்கு 500 ரூபாயைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி இல்லை, தாண்டினால் 18 சதவீதம். உங்கள் 500 ரூபாய்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கச்சேரி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, அதிலும் ரகம் உண்டு. பேண்டே எடுத்து நடத்தும் ஷோவில் வசூல் அவர்களுக்கு. ரெஸ்டாரண்டிலும் பப்பிலும் வாசித்தால் பெரும்பாலும் பேசி வைத்த ஒரு தொகை, நீங்கள் சாப்பிடும் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே சொந்தப் பாட்டு இரண்டு பாடுவதற்குள் ஒரு மேஜையிலிருந்து சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்துவிடும்.

டிக்கெட்டுக்கு எதிராகவும் வலுவான வாதம் இருக்கிறது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தபோது அனுமதி இலவசம். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அந்தக் கானாவும் பறையும் யாருடைய இசையோ அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 400 ரூபாய் டிக்கெட் வைத்திருந்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும். 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும் 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் மார்கழியில் மக்களிசையும் இதே வழிதான். மேடையை டிக்கெட் தாங்கவில்லை, அமைப்பும் நன்கொடையும் தாங்குகின்றன. ஆகவே இலவசக் கச்சேரிக்குப் போனால் டிக்கெட் காசு மிச்சம் என்று நினைக்காமல், நடத்துபவர்களிடம் உண்டியல் எங்கே என்று கேளுங்கள்.

இங்கே சபாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சினிமா இத்தனை பலமாக இருக்கும் ஊரில் கர்நாடக இசை சினிமாவை நம்பாமல் நூறு வருடமாக நிற்கிறதென்றால், 1928-இல் உருவான மியூசிக் அகாடமி தொடங்கி தெருவுக்குத் தெரு முளைத்த சபாக்கள் பெரிய காரணம். ஆண்டுச் சந்தா, ஸ்பான்சர், மாலை டிக்கெட், மதியம் இளையவர்களுக்கு இலவச ஸ்லாட் என்று ஓர் ஏற்பாடு. மதிய ஸ்லாட்டில் சன்மானம் எவ்வளவு என்றும், எந்தச் சமூகத்தின் இசைக்கு அந்தக் கதவு திறந்தது என்றும் கேட்டால் சங்கடமான பதில்தான் வரும். ஆனாலும் 'இந்த வருடம் யார் பாடினாலும் என் சந்தா உண்டு' என்று சொல்லும் ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள். சுயாதீன இசைக்கு அந்த மாதிரி ஒரு மேடை அமைந்தால், தெரிந்த முகமா என்று பார்க்காமல் அதற்கு வருடச் சந்தா கட்டுவது தனிக் கலைஞருக்குக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

அழைத்துப் பாட வைப்பது

500 ரூபாய்க்குள் அடங்காது என்றாலும் இதை விட்டுவிட முடியாது. கல்யாண ரிசப்ஷன், அபார்ட்மெண்ட் பொங்கல் விழா, கல்லூரி கல்ச்சுரல்ஸ், அலுவலக ஆண்டு விழா. ஒரு கலைஞரின் வருட வருமானத்தில் பெரிய துண்டு இங்கிருந்துதான் வரும். கானாப் பாடகர்கள் யூடியூப் வருவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டு விசேஷங்களுக்கும் சாவு வீடுகளுக்கும் போய்ப் பாடித்தான் பிழைத்தார்கள். கல்லூரி விழாக்களில் சினிமாப் பாடகருக்கு லட்சங்கள் போகும். உள்ளூர் பேண்டுக்கு முதல் அரைமணி நேரமும் 'எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்ற ஆறுதலும். வீட்டு வாடகையை எக்ஸ்போஷரில் கட்ட முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அழைப்பதென்றால் அட்வான்ஸ் கொடுங்கள், சவுண்டுக்கு யார் பொறுப்பு என்று முன்பே பேசுங்கள், அவர்களுடைய சொந்தப் பாட்டு குறைந்தது மூன்று நிகழ்ச்சியில் இருக்கட்டும். மீதி நேரம் ராஜா பாட்டு பாடட்டும், தப்பில்லை.

சரி, 500 ரூபாய்க்கு வருவோம். சென்னையில் வேலையில் இருப்பவர் என்றால் மாதம் ஒரு டிக்கெட், மிச்சம் இருந்தால் வாசலில் டி-ஷர்ட் அல்லது ஜிபே. மதுரையிலோ நெல்லையிலோ இருந்து டிக்கெட்டுக்கு ஷோவே இல்லையென்றால் நேராக ஜிபே. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு மாடி அறையில் சின்னக் கச்சேரியே வைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் பேண்ட்கேம்ப் ஃபிரைடே பார்த்து ஆல்பமாக வாங்கலாம். மாணவர்கள் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு இலவசக் கச்சேரிக்கு நான்கு நண்பர்களை இழுத்துக்கொண்டு போகலாம். எதுவும் புரியவில்லையென்றால் கலைஞரின் இன்ஸ்டா பக்கத்தில் ஒரு மெசேஜ் போடுங்கள்: 'எங்கே கொடுத்தால் உங்களுக்கு அதிகம் வந்து சேரும்?' சின்னக் கலைஞர்கள் பெரும்பாலும் அன்றைக்கே பதில் போடுவார்கள்.