ரோட்ஸ் பழைய நகரத்தில் வீடு எடுக்கிறீர்களா? முதலில் "எந்த வாசல்" என்று கேளுங்கள்

கிரீஸில் ரோட்ஸ் தீவுக்குப் போகிறவர்கள், அதிலும் கோட்டை மதிலுக்குள் இருக்கிற பழைய நகரத்தில் வீடோ அறையோ எடுத்துத் தங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போன செப்டம்பரில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து எங்களிடம் வந்திருந்த அம்மா என்று நாலு பேர் போய் மூன்று இரவு தங்கினோம். ஏமாந்த தொகை நூற்றுச் சொச்சம் யூரோதான், அதற்காக யாரும் சொத்தை விற்க வேண்டியதில்லை. ஆனால் ஏமாந்த விதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வீட்டுக்காரர் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். அங்கிருந்து ரோட்ஸுக்கு நேர் விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரம், அதனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு, முழங்கால் பிரச்சினை. வீடு பார்க்கும்போதே அதை மனதில் வைத்துத்தான் தரைத்தளம் உள்ளதாகத் தேடினேன். வாடகைச் செயலி ஒன்றில் கிடைத்த வீடு படத்தில் அம்சமாக இருந்தது, கல் சுவர், முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். பதிவு செய்வதற்கு முன் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன்: அம்மாவால் அதிகம் நடக்க முடியாது, டாக்சி வீடு வரை வருமா என்று. "கவலையே வேண்டாம், நம் ஆள் விமான நிலையத்துக்கே வந்து வீட்டில் கொண்டுவந்து விடுவார், 55 யூரோ, கையில் கொடுத்தால் போதும்" என்று பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. இவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்பினேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு இறங்கினோம். விமான நிலையம் இருப்பது பரதீசி என்ற ஊர்ப் பக்கம், நகரத்திலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். ஒருவர் என் பெயரை எழுதிய தாளோடு நின்றார். கறுப்பு வேன், ஏசி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கொடுத்தார். கடலோரமாகவே வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரே வெளிச்சமும் கூட்டமுமாக இருந்த ஒரு பெரிய கோட்டை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். "ஃபினிஷ்." வீடு எங்கே என்றால் கையை உள்ளே காட்டுகிறார். கார் உள்ளே போகாதாம். பெட்டிகளை இறக்கி வைத்து, 55 யூரோ வாங்கிக்கொண்டு, குட் நைட் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷமே ஒரு பையன் தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறான். இருபது வயது இருக்கும். பெட்டிக்குப் பத்து யூரோ, நாலு பெட்டி, நாற்பது என்றான். என் கையில் இருந்த முகவரியைக்கூட அவன் பார்க்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை! பேரம் பேசி இருபதுக்குக் கொண்டுவந்தேன், ஜெயித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

அப்புறம் நடை. ரோட்ஸ் பழைய நகரத்துத் தெருவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: நிறைய சந்துகளில் தரை முழுக்கக் கூழாங்கல், கடற்கரையில் பொறுக்கிய முட்டை வடிவக் கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நட்டு நெருக்கியிருப்பார்கள். பகலில் பார்க்க அத்தனை அழகு. ராத்திரியில் செருப்புக் காலோடு நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தனித்தனியாகத் தெரியும். கல்லின் தலை தேய்ந்து வழவழவென்று இருக்கும், இரண்டு கல்லுக்கு நடுவில் சரியாகப் பெட்டிச் சக்கரம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம் இருக்கும். மகளுடைய சின்னப் பெட்டியை அவளே இழுப்பேன் என்று அடம்பிடித்தாள், பாதி வழியில் டக்கென்று ஒரு சத்தம், ஒரு சக்கரம் காணோம். குனிந்து தேடினால் கறுப்புச் சக்கரம் எது, கறுப்புக் கல் எது என்று தெரியவில்லை.

பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போகிறான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைக்கிறார். ஹிப்போகிராட்டஸ் சதுக்கத்தில் நீரூற்றுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏண்டா, வீட்டு வாசல்ல இறக்கி விடுவான்னு சொன்னியே, இது எந்த வீட்டு வாசல்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மனைவி ஓடிப்போய் பையனை நிறுத்தி வைத்தாள். இல்லையென்றால் பெட்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்தான். செல்போன் வரைபடத்தை நம்பவும் முடியவில்லை, இரண்டு பக்கமும் உயரமான சுவர், தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு கல் வளைவுகள், நீலப் புள்ளி எங்களுக்கு முன்னால் தானாக நடந்துபோய்ப் பக்கத்துச் சந்தில் நின்றது.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. வீட்டுக்காரரும் வரவில்லை. கதவுப் பக்கம் இருந்த சாவிப் பெட்டியைப் பையனே திறந்தான், ரகசிய எண் அவனுக்குத் தெரிந்திருந்தது. போனில் யாரிடமோ "தீயே, தீயே" என்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டு இருபது யூரோவை வாங்கிக்கொண்டு போனான். மகளுக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு, "பாட்டி, அவன் யாரையோ தீயேன்னு கூப்பிடறான்" என்று.

மறுநாள் காலையில்தான் விஷயம். பால் வாங்கலாம் என்று வெளியே வந்தவன், நேற்று வந்த பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பினேன். இரண்டே நிமிஷம். ஒரு பழைய வளைவு வாசல், அதைத் தாண்டினால் அகழிக்கு மேலே பாலம், அதற்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு. அந்த ரோட்டில் ஒரு டாக்சி நின்று ஒரு வயதான ஜோடியைப் பெட்டியோடு இறக்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சாவகாசமாகப் பாலத்தைத் தாண்டி உள்ளே போகிறார்கள். நான் பால் பாக்கெட்டைக்கூட மறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அது தெற்கு வாசல். கோஸ்கினூ வாசல் என்று வரைபடத்தில் இருக்கும், புனித யோவான் வாசல் என்றும் சொல்வார்கள், உள்ளூரில் சிவப்பு வாசல் என்றும் பெயர். எங்களை இறக்கிவிட்டது வடக்கே, துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எலெஃப்தெரியாஸ் வாசல், அதாவது விடுதலை வாசல், இத்தாலியர்கள் தீவை ஆண்ட காலத்தில் 1924இல் திறந்தது. நகரத்தின் ஒரு முனை அது, எங்கள் வீடு மறுமுனை. நடுவில் சந்து சந்தாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். துருக்கிய ஒட்டோமான் சுல்தான் சுலைமானுக்கு 1522இல் இந்தக் கோட்டைக்குள் நுழைய ஆறு மாதம் பிடித்ததாம், அவரிடமும் எவனாவது தள்ளுவண்டிக்குக் காசு கேட்டிருப்பான் என்று என் மனைவி சொன்னாள்.

இந்த ஊரில் தெருப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வாசல்தான் முகவரி. மதில் சுற்றளவு நாலு கிலோமீட்டர், வெளி வண்டிகள் உள்ளே இஷ்டத்துக்குப் போக முடியாது, அதனால் எந்த வாசலில் இறங்குகிறீர்கள் என்பதுதான் எவ்வளவு நடக்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். மாவீரர்களின் தெரு, அருங்காட்சியகம் பக்கம் வீடு என்றால் விடுதலை வாசல் சரி. பெருந்தலைவர் (அந்த மாவீரர்களின் தலைவர், கிராண்ட் மாஸ்டர்) அரண்மனைக்கு மேற்கே என்றால் தாம்புவாஸ் வாசல். பித்தகோரா தெருவின் தெற்குக் கோடி, ஒமீரு தெரு, இதெல்லாம் என்றால் கோஸ்கினூ வாசலோ புனித அத்தனாசியோஸ் வாசலோ. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கத்து வாசல்கள் கிட்டம். பலகைகளில் கிரேக்க எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம், பள்ளிக்கூடத்தில் வட்டத்துக்குப் போட்ட அதே பை எழுத்தில் ஆரம்பித்தால் அது பித்தகோரா தெருவாக இருக்க நல்ல வாய்ப்பு. தேற்றத்தை மறந்துவிட்டாலும் எழுத்து ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்காரருக்கு இது தெரியாதா? தினமும் அங்கே வாழ்கிற மனிதருக்கு! மதியம் அவர் பணம் வாங்க வந்தபோது கேட்டேன். "விடுதலை வாசல்தான் அழகு, எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுப்பார்கள்" என்றார். ராத்திரி பத்து மணிக்கு, பெட்டியோடு, முழங்கால் வலிக்காரரோடு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தள்ளுவண்டிப் பையன் தெருமுனையிலிருந்து "தீயே!" என்று கூப்பிட்டான், இவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். சாயங்காலம் சாப்பிடப் போன கடையில் பரிமாறிய பெண்ணிடம் மகள்தான் கேட்டாள், தீயே என்றால் என்ன என்று. மாமா, சித்தப்பா, பெரியப்பா, எல்லாவற்றுக்கும் அதுதானாம். ஆக, வேன் வாடகையில் இவருக்கு என்ன பங்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் தள்ளுவண்டிக்காசு குடும்பத்துக்குள்ளேயே போயிருக்கிறது.

சரி, இத்தோடு விட்டிருந்தால் நானும் பதிவு எழுதியிருக்க மாட்டேன். மதியம் அவர் வந்தது வரி வாங்க. கிரீஸில் தங்குகிறவர்களிடம் காலநிலை நெருக்கடிக்கான கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள், 2024இல் வந்தது, அடுத்த வருஷமே ஏற்றிவிட்டார்கள். இப்படிக் குறுகிய கால வாடகைக்கு விடும் சாதாரண வீட்டுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு இரவுக்கு 8 யூரோ. விளம்பரத்திலும் "8 யூரோ, வந்து கட்டவும்" என்று மொட்டையாகப் போட்டிருந்தது. அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: எட்டு, பெருக்கல் நாலு பேர், பெருக்கல் மூன்று இரவு, 96. அச்சடித்த ரேட்டு அட்டை போல அவ்வளவு நிதானமாக எழுதினார். நானும் இத்தாலியில் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதைப் பார்த்தவன், இங்கேயும் அப்படித்தான் போல என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டதற்கு மெயிலில் வரும் என்றார். வரவில்லை.

இந்தக் கட்டணம் தலைக்கு இல்லை. வீட்டுக்கு. நாலு பேர் தங்கினாலும் ஒருவர் தங்கினாலும் ஒரு இரவுக்கு அதே 8. ஹோட்டல் என்றால் அறைக்கு, நட்சத்திரத்தைப் பொறுத்துத் தொகை மாறும். எங்களுக்கு வந்திருக்க வேண்டியது 24 யூரோ, அவர் வாங்கியது 96. இது எனக்குத் தெரிய வந்ததே திரும்பி வந்த பிறகு, ஆபீஸில் கிரீஸ்காரர் ஒருவரிடம் சும்மா புலம்பியபோது. அவர் சிரித்துவிட்டு, "ஒன்பது வயசுப் பெண்ணுக்கும் வாங்கினாரா?" என்று கேட்டார்.

போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பதிவு செய்யும் முன்பே செயலிக்குள்ளேயே எழுதிக் கேளுங்கள்: உங்கள் வீட்டுக்குக் கிட்டத்து வாசல் எது, அங்கிருந்து எத்தனை மீட்டர், படி உண்டா. வாசல் பெயரைச் சொல்லாமல் "நம் ஆள் வருவார்" என்று மட்டும் சொன்னால் அந்த வீடே வேண்டாம். நம் ஆளும் வேண்டாம், விமான நிலையத்து வாசலிலேயே கருநீல உடம்பும் வெள்ளைக் கூரையுமாக டாக்சிகள் வரிசையில் நிற்கும், டிரைவரிடம் தெருப் பெயரைச் சொல்லாமல் வாசல் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது நாங்கள் சிவப்பு வாசலிலிருந்து எடுத்த டாக்சிக்கு 32 யூரோதான் ஆயிற்று. சுமை குறைவாக இருந்தால் பஸ்ஸே போதும், சில யூரோதான், ஆனால் அது மந்த்ராக்கித் துறைமுகத்துப் பக்கம் புதுச் சந்தைக்கு அருகில் விடும், அதாவது வடக்குப் பக்கம். என் அம்மா மாதிரி ஒருவர் கூட இருந்தால் அது ஆகாது. விளம்பரத்தில் வீட்டின் அரசுப் பதிவெண் இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே கட்டாயம் போட வேண்டும். வரிக்குப் பணம் கொடுக்கும்போது அங்கேயே ரசீது கேளுங்கள், தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1571. நான் கூப்பிடவில்லை. அந்த எண்ணே எனக்கு அப்போது தெரியாது.

வீட்டைக் குறை சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுத்தமாக இருந்தது, எலுமிச்சை மரம் படத்தில் இருந்ததைவிடப் பெரிது, அம்மா மூன்று நாளும் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி இவருக்கு அத்திப்பழம் கொண்டுவந்து கொடுத்து, கிரேக்கத்தில் அவரும் தமிழில் இவருமாக ஒரு மணி நேரம் முழங்கால் வலி பற்றிப் பேசினார்கள். அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது, இந்த வீட்டை வைத்துக்கொண்டு நேர்மையாகவே அவர் சம்பாதிக்கலாம்.

செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். கையில் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கண்ணியமான நாலு வரி. அப்புறம் வீட்டுக்காரருக்கே எழுதினேன், சண்டை போடாமல், "ஒரு இரவுக்கு வீட்டுக்கு 8 யூரோ, மூன்று இரவுக்கு 24, மீதிக்கு வரி ரசீது அனுப்பவும், இங்கே கணக்கில் காட்ட வேண்டும்" என்று மட்டும். இரண்டு நாள் கழித்து 72 யூரோ திரும்ப வந்தது, கூடவே "கணக்கில் சிறு பிழை" என்று ஒரு வரியும் சிரிக்கிற பொம்மையும். தள்ளுவண்டிக்காசைப் பற்றிக் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. மகளின் பெட்டி இன்னும் ஒற்றைச் சக்கரத்தோடுதான் இருக்கிறது, அதற்குப் பொருந்துகிற சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை.