கமலாபுரமா, சூரமங்கலமா? சென்னைக்கு எது சீக்கிரம்?

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகச் சேலத்திலிருந்து சென்னை புரசைவாக்கத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. விமானமா, வந்தே பாரத்தா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. கடைசியில் ரயிலில்தான் போனோம்.

சேலத்தின் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து சென்னை விமான நிலையமான மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலுக்குத் தண்டவாளத்தில் 334. ஏடிஆர் என்ற சின்ன விமானம் ஒரு மணி பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடும். ரயிலுக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட்டணத்தில், கடைசி நேரத்தில் எடுத்தால் விமானம் எகிறிவிடும்.

ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரத்தை நான் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து கணக்குப் போடுவேன். அஸ்தம்பட்டியிலிருந்து கமலாபுரம் நாற்பது நிமிடம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். பறக்கும் நேரம், பெட்டி வரும் நேரம் எல்லாம் சேர்த்து மீனம்பாக்கத்தில் வெளியே வர மூணே முக்கால் மணி. அப்புறம் மெட்ரோவும் ஆட்டோவுமாகப் புரசைவாக்கத்துக்கு இன்னொரு மணி நேரம். ரயிலிலோ, சூரமங்கலம் இருபது நிமிடம், பிளாட்பாரத்தில் கால் மணி, சென்ட்ரலிலிருந்து ஆட்டோ இருபது நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் நாலே முக்கால் மணிதான்!

நேரம் ஒன்றாக இருக்கும்போது, அது எப்படிக் கழிகிறது என்பதுதான் முக்கியம். மூட்டுவலிக்காரரான அம்மாவுக்கு விமானப் பயணம் என்றால் வரிசை, சோதனை, படி என்று பத்து தடவை உட்கார்ந்து எழ வேண்டும். ரயிலில் ஒரே இருக்கை. லோக்கூர் பக்கம் வண்டி வேகம் குறைந்து மலையேறும்போது வலப்பக்க ஜன்னலில் சேர்வராயன் மலை தெரிந்தது. தான் பிறந்த ஏற்காடு அந்த மேட்டில் எங்கே இருக்கும் என்று அம்மா விரலால் தேடிக்கொண்டே வந்தார். காட்பாடி தாண்டியதும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து புளிசாதம்.

விமானத்தில் நான் போனது இரண்டே முறை, இரண்டும் வானம் தெளிவாக இருந்த நாட்கள். மழைக்காலத்துக்கு என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இல் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அது தொடர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: காலை எட்டு மணி வந்தே பாரத்தைப் பிடிக்க, ஆறேகாலுக்கே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கத் தொடங்க வேண்டும்.

தாம்பரம், குரோம்பேட்டை, கிண்டி பக்கம் போவதென்றால் கணக்கு தலைகீழ். சென்ட்ரலில் இறங்கித் தாம்பரம் வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் பின்தங்கிவிடுவோம். அடுத்த மாதம் அங்கே தங்கை மகளுக்குக் காது குத்து, மாமன் மடி வேண்டும். அதற்கு விமானத்தில்தான் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். சீர்ச் சாமானை 15 கிலோவுக்குள் எப்படி அடக்குவது என்று அம்மா இப்போதே பைகளை எடுத்துப் பார்க்கிறார்.