ரீமேப் செய்த லாராவுக்கு எந்த கிளட்ச், எந்த ஃப்ளைவீல்?

ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல் வைத்திருப்பவர்களிடமிருந்து ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்த சில மாதங்களில் ஒரே புகார் வரும். நான்காவது கியரில், 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் டேக்கோமீட்டர் முள் மட்டும் சரசரவென்று ஏறுகிறது, கார் அந்த அளவுக்கு நகர்வதில்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இன்ஜின் 160 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும். டர்போவை மாற்றாமல் வெறும் ரீமேப் செய்தாலே டார்க் 320, 330 என்று போய்விடும். கிளட்சைச் சோதிப்பது குதிரைத்திறன் இல்லை, டார்க்தான். அதுவும் இந்த இன்ஜினில் முழு டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்து நிற்கிறது. அதனால் 7,000 ஆர்பிஎம்மில் 250 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத இன்ஜினைவிட, ரீமேப் செய்த லாரா தன் கிளட்சை அதிகமாக வாட்டும்.

கடைகளில் 'ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3' என்று விற்கிறார்கள். ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 3-க்குச் சமமாக இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். கிளட்ச் தாங்கும் டார்க் நான்கு விஷயங்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டை அழுத்தும் விசை, கிளட்ச் பிளேட்டின் சராசரி ஆரம், உரசும் பக்கங்களின் எண்ணிக்கை. உதாரணத்துக்கு உராய்வு 0.3, அழுத்தம் 6,000 நியூட்டன், ஆரம் 10 சென்டிமீட்டர், இரண்டு பக்கங்கள் என்று வைத்தால் 360 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். இதை 450 ஆக்க வேண்டுமா? அழுத்தத்தை 7,500 ஆக்கலாம், பெடல் கனக்கும். உராய்வை 0.375 ஆக்கலாம், பிடி முரடாகும். இன்னொரு பிளேட்டைச் சேர்த்தால் ஒரேயடியாக 720, ஆனால் பணம் கரையும். ஆரத்தைக் கூட்ட, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் பெரும்பாலும் இடம் இருக்காது. சந்தையில் உள்ள எல்லா கிளட்சும் இந்த நான்கில் எதையோ கூட்டி, அதற்கு ஒரு விலையை நம்மிடம் வாங்குகிறது.

முதலில் ஆர்கானிக். கம்பெனி கிளட்சில் இருக்கும் அதே வகைப் பொருள்தான், முழு வட்டமாக இருக்கும். இதோடு வலுவான பிரஷர் பிளேட் சேர்ந்த செட் கிடைக்கிறது. பெடலைப் பாதி விட்ட ஹாஃப் கிளட்சில் மெதுவாக, நடுக்கமில்லாமல் பிடிக்கும். தவறிச் சூடாக்கினாலும், எரிந்து போகாத வரை, ஆறியதும் பெரும்பாலும் பழைய பிடிக்குத் திரும்பும். பெடல் கொஞ்சம் கனமாகும், ஒரு வாரத்தில் கால் பழகிவிடும்.

அடுத்தது கெவ்லார். மென்மையில் ஆர்கானிக்கோடு போட்டி போடும், ஒழுங்காக ஓட்டினால் அதைவிட அதிக நாள் உழைக்கும். ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். பழக்கும் காலமும் நீளம். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

செராமிக் வேறு ஜாதி. முழு வட்டத்துக்குப் பதிலாக நான்கு அல்லது ஆறு துண்டுகள். உராய்வு அதிகம், சூட்டுக்கு அஞ்சாது. சாலையில் இதன் குணம் என்ன என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பந்தயக் கார் தயாரிக்கும் நண்பரின் யோசனையில் ஆறு துண்டு செராமிக்கும் அலுமினிய ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சுழலும் சக்கரம், கிளட்ச் இதன் மேல்தான் பிடிக்கும்) போட்டுக் கோவையில் எட்டு மாதம் ஓட்டினேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் அது தங்கம். கியர் மாற்றிய நொடியில் பிடித்துத் தள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவினாசி ரோட்டில் அதே கார் ஒவ்வொரு சிக்னலிலும் குதித்துக் குதித்துப் போகும். ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்றே அதில் இல்லை, பிடித்தது அல்லது விட்டது, இரண்டே நிலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மேலே இருந்து பஸ் வந்தால் ஏற்றத்தில் நிறுத்தி, திரும்ப நகர்த்த வேண்டும். அங்கே பின்னால் வரும் வண்டி மீது உருண்டுவிடுமோ என்ற பயத்திலேயே வளைவுக்கு வளைவு வியர்த்தது. திரும்பி வந்த வாரமே கழற்றிவிட்டேன்.

இரண்டு பிளேட் உள்ள ட்வின் டிஸ்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 500 நியூட்டன் மீட்டருக்கு மேல், பெரிய டர்போ போட்டவர்களுக்கு அதுதான் சரியான வழி. பக்கங்கள் இரட்டிப்பதால் பெடலைக் கனமாக்காமலே தாங்கும். அந்த அளவுக்குப் போகாத லாராவுக்கு அது வீண் செலவு, சில செட்டுகளில் நியூட்ரலில் கிலுகிலு சத்தமும் சேர்ந்து வரும்.

அப்புறம் ஃப்ளைவீல்.

லாராவில் இருப்பது டூயல் மாஸ். இரண்டு தனித்தனிச் சக்கரங்கள், நடுவே வளைந்த ஸ்பிரிங்குகள், உள்ளே கிரீஸ். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். அந்த உதைகளை ஸ்பிரிங்குகள் விழுங்கிவிடுவதால்தான் 1,500 ஆர்பிஎம்மில் முழு டார்க் வந்தும் கியர்பாக்ஸ் அமைதியாக இருக்கிறது. இதன் பலவீனமும் அங்கேயேதான். டார்க்கைக் கூட்டிவிட்டு ஆறாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் மிதித்தால் ஸ்பிரிங்குகள் கடைசிவரை அமுங்கி முட்டும். கிளட்ச் வழுக்கும் சூட்டில் கிரீஸ் கெட்டு வெளியேறும். இன்ஜினை அணைக்கும்போது 'டக டக' என்று ஒரு தட்டு கேட்டால் ஃப்ளைவீலைச் சந்தேகப்படுங்கள். சிங்கிள் மாஸ் போலக் கடைந்து சரிசெய்ய முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும். விலையும் அதிகம்.

சிங்கிள் மாஸ் இரும்பு ஃப்ளைவீல் ஒரே துண்டு. உடைய ஸ்பிரிங் இல்லை, கடையலாம், டார்க்குக்கு அஞ்சாது. ஆனால் டூயல் மாஸ் விழுங்கிக்கொண்டிருந்த உதைகள் இப்போது நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். கெடுதல் இல்லை, ஆனால் தினமும் காதில் விழும். இதற்கு கிளட்ச் பிளேட்டிலேயே நல்ல ஸ்பிரிங்குகள் இருக்க வேண்டும். வேலியோ கம்பெனி டூயல் மாஸுக்கு மாற்றாக விற்கும் '4கே கிட்' செட்டின் யோசனையே அதுதான்.

அலுமினிய ஃப்ளைவீலை எல்லோரும் 'பிக்கப்' கூடும் என்று வாங்குகிறார்கள். கூடும், எவ்வளவு என்பது கியரைப் பொறுத்தது. ஃப்ளைவீலின் சுழல் நிலைமம் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம்) 0.05 கிலோகிராம் சதுர மீட்டர் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்த கியர் விகிதம் 14 இருக்கும் முதல் கியரில், 31 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில், அது காரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோவை இறக்கியதற்குச் சமம். விகிதம் 2.5 ஆகக் குறையும் கடைசி கியரில் ஏறத்தாழ 3 கிலோதான் வித்தியாசம் வரும். ஹைவேயில் ஓவர்டேக் செய்ய அலுமினியம் ஒன்றும் தராது.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காரை நிலையான ஆர்பிஎம்மில் வைத்து ஹாஃப் கிளட்சில் சமதளத்தில் கிளப்பும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான வெப்பம் கிளட்சில் விழுகிறது. 1,500 கிலோ காரை 1,200 ஆர்பிஎம்மில் கிளப்பினால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடும், வெப்பம் 6 கிலோஜூல். லேசான ஃப்ளைவீலால் இன்ஜின் அணைந்து போகுமே என்று 2,400 ஆர்பிஎம்மில் கிளப்பினால் 20 கிலோமீட்டர் வேகம் வரை வழுக்க வேண்டும், வெப்பம் 23 கிலோஜூல். ஆர்பிஎம் இரட்டிப்பு, சூடு நான்கு மடங்கு. கிளட்சைக் காப்பாற்றப் பணம் செலவழித்துவிட்டு, ஃப்ளைவீல் தேர்வால் அதையே வாட்டுகிறோம். அதனால் இந்த இரண்டையும் ஒரு ஜோடியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என் தேர்வு இதுதான். வெறும் ரீமேப், தினசரி ஓட்டம், அவ்வப்போது மலை என்றால் வலுவான பிரஷர் பிளேட், முழு வட்ட ஆர்கானிக் பிளேட், நல்ல நிலையில் உள்ள டூயல் மாஸ். என் காரில் இப்போது இருப்பது இதுவே. டூயல் மாஸ் ஏற்கெனவே ஆடிப்போயிருந்து, புதிது வாங்க மனம் வரவில்லையா? சத்தத்தைப் பொறுத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு இரும்பு சிங்கிள் மாஸும் ஸ்பிரிங் உள்ள ஆர்கானிக் பிளேட்டும். செராமிக்கும் அலுமினியமும் ட்ராக்குக்கு மட்டும்.

வாங்கும் செட்டின் டார்க் அளவு கிராங்கில் (இன்ஜினின் சுழல் தண்டில்) சொல்கிறார்களா, சக்கரத்தில் சொல்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் டார்க்கைவிட 20 சதவீதம் கூடுதல் போதும். அதற்கு மேல் போனால் பெடல் கனமும், ஒவ்வொரு மிதிக்கும், கிராங்கை முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் விழும் சுமையும்தான் கூடும்.

கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே, பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை மாற்றிவிடுங்கள். கிராங்கின் பின் சீலில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும். ஒரு சொட்டு எண்ணெய் போதும், புது பிளேட் வீணாகும். ஃப்ளைவீல் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. இந்த இன்ஜின் குடும்பத்தில் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதற்கு மேல் 90 டிகிரி திருப்ப வேண்டும். மெக்கானிக் டார்க் ரெஞ்ச் எடுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, நிறைய கியர் மாற்றி, முழு ஆக்சிலரேட்டர் இல்லாமல் ஓட்டுங்கள். வால்பாறை அதற்கு அப்புறம்.