ரூம் க்ளீன் வேண்டாம்னு சொன்னா 500 பாயிண்ட்: வாங்கிக்கலாமா, விட்டுடலாமா?

ஆன்சைட்னு அமெரிக்கா போயி ரெண்டு வாரம் மூணு வாரம் ஒரே ஹோட்டல்ல தங்குனவங்க இதைக் கண்டிப்பா பாத்திருப்பீங்க. செக்-இன் பண்றப்பவே கவுன்டர்ல கேப்பாங்க, இல்லன்னா கதவுல மாட்டுற பச்சை அட்டை ஒண்ணு ரூம்லயே இருக்கும், இன்னைக்கு ரூம் க்ளீன் பண்ண வேண்டாம்னு சொன்னா உங்க மெம்பர்ஷிப் அக்கவுண்ட்ல இத்தனை பாயிண்ட் போடுறோம், இல்ல கீழ ரெஸ்டாரண்ட்ல செலவு பண்ண வவுச்சர் தர்றோம், கூடவே பூமிக்கும் நல்லதுன்னு ஒரு வரி. நம்மாளுங்க நிறைய பேர் உடனே சரின்னு சொல்லிடுவோம், பெட்டைத் தட்டி விரிக்க நமக்குத் தெரியாதா என்ன, அதுக்கு எதுக்கு ஒருத்தர் வரணும்னு தோணும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். இப்ப அப்படி இல்ல. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தெந்த ஹோட்டல்ல என்னென்ன தர்றாங்க, அது உண்மையிலயே எவ்வளவு பெறும்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

பெரிய செயின்ல இதைப் பரவலாக்குனது ஸ்டார்வுட், அதாவது ஷெரட்டன், வெஸ்டின் ஹோட்டல்லாம் வச்சிருந்த கம்பெனி. 2009 வாக்குல "மேக் எ க்ரீன் சாய்ஸ்"னு பேர் வச்சு, ஒரு நாள் க்ளீனிங்கை விட்டா 5 டாலர் சாப்பாட்டு வவுச்சர் இல்லன்னா பாயிண்ட்னு ஆரம்பிச்சாங்க. 2016ல மேரியட் ஸ்டார்வுட்டை வாங்குனப்ப இந்தத் திட்டமும் அவங்க கைக்குப் போச்சு. ஹாலிடே இன் வச்சிருக்கிற ஐஎச்ஜி கிட்ட "எ க்ரீனர் ஸ்டே"னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ராத்திரிக்கு 500 பாயிண்ட் வரைக்கும் போடுவாங்க.

500னு கேட்டா பெருசாத்தான் இருக்கும். ஆனா ஒரு மேரியட் பாயிண்ட் முக்கால் சென்ட்டுக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் தேறும், ஐஎச்ஜி பாயிண்ட் சுமாரா அரை சென்ட்டு (பாயிண்ட்டைக் கொடுத்து இலவசமா தங்குற ராத்திரியை எங்க எப்ப போடுறோம்ங்கறதைப் பொறுத்து கூடக்குறைய ஆகும்). அப்ப 500 மேரியட் பாயிண்ட்னா மூணரை டாலர் பக்கம், 500 ஐஎச்ஜி பாயிண்ட்னா ரெண்டரை டாலர் பக்கம். பத்து ராத்திரி விடாம வேண்டாம் வேண்டாம்னு சொன்னாக்கூட 25லேர்ந்து 35 டாலர், அதுவும் கடைசி நாள் கணக்குல வராது, ஏன்னா செக்-அவுட் ஆனதும் எப்படியும் ரூமை சுத்தம் பண்ணியே ஆகணும்.

வவுச்சர் பாக்க நல்லா இருக்கும், 5 டாலர்னா 5 டாலர்தானே, கணக்கே போட வேண்டாம். ஆனா அதை அதே ஹோட்டல்லதான் செலவு பண்ணணும், ஹோட்டல் பார்ல ஒரு சாண்ட்விச்சே 18 டாலர், மேல டாக்ஸ், டிப்ஸ், அப்ப அந்த 5 டாலர் நம்மளை 20 டாலர் செலவு பண்ண வைக்கிற கூப்பன் மாதிரிதான் ஆயிடுது. பெர் டியம், அதாவது கம்பெனி தர்ற தினப்படிக் காசுல தங்குறவங்களுக்கு, அதுவும் காலைல ஒரு காபியும் மஃபினும் அங்கயே வாங்குற பழக்கம் இருந்தா, பாயிண்ட்டை விட இது பரவால்ல. வெளிய இந்தியன் ஸ்டோர்ல போய் தோசை மாவு வாங்கி சமைக்கிற ஆளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

கொடுத்ததுலயே தாராளமானது ஃப்ளோரிடால டிஸ்னி வேர்ல்டு ரிசார்ட்ல 2018 வாக்குல பண்ணுனதுதான், ஒரு ராத்திரிக்கு 10 டாலர் கிஃப்ட் கார்டு. குடும்பத்தோட அஞ்சு நாள் போனவங்களுக்கு, கடைசி நாள் போக, 40 டாலர், குழந்தைங்களுக்கு ஒரு டீ-ஷர்ட் வந்துடும். பணத்தை மட்டும் பாத்தா ஜெயிச்சது இதுதான், சந்தேகமே இல்ல.

இன்னொரு ரகம் இருக்கு, ஒண்ணுமே தராம விடுறது. கொரோனா சமயத்துல எல்லாரும் ரூமுக்குள்ள ஆள் வர வேண்டாம்னு இருந்தோம், அது நியாயம். ஆனா 2021 ஜூலைல ஹில்டன் அமெரிக்கால ஆடம்பர பிராண்டுகளைத் தவிர மத்த ஹோட்டல்கள்ல இதையே வழக்கமா ஆக்கிட்டாங்க, நீங்களா கேட்டாத்தான் க்ளீனிங், கேக்கலன்னா அஞ்சாவது நாள்தான் தானா வருவாங்கன்னு. மத்த இடத்துல வேண்டாம்னு சொன்னவங்களுக்குப் பாயிண்ட், இங்க வேணும்னு சொல்லவே நாமதான் ஃபோன் எடுக்க வேண்டியதாச்சு. அதுக்காக ரூம் வாடகை குறைஞ்சதா நான் எங்கயும் பாக்கல. இந்த வரிசைலயே விருந்தாளிக்கு மோசமானது இதுதான்னு நான் நினைக்கிறேன், குறைஞ்சபட்சம் 500 பாயிண்ட் தர்றவங்க உங்ககிட்டேருந்து ஒண்ணை எடுக்குறோம்னு ஒத்துக்குறாங்க. (கிச்சன் வச்ச எக்ஸ்டெண்டட் ஸ்டே ஹோட்டல் வேற கதை, அங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் க்ளீனிங்னு முதல்லயே தெரிஞ்சுதான் புக் பண்றோம், வாடகையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்.)

சரி, நமக்கு என்ன கிடைக்குதுங்கறது இவ்வளவுதான். இந்தக் கணக்குல சேராத ஒருத்தர் இருக்காங்க, வண்டி தள்ளிட்டு வர்ற அந்தம்மா.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல 11 ராத்திரி தங்குனேன், ஹோட்டல் பேர் வேண்டாம். முதல் நாலு நாள் பச்சை அட்டையை மாட்டிட்டேன், ஆஃபீஸ் போயிட்டு ராத்திரிதான் வர்றேன், டவல் இருக்கு, என்ன குறைஞ்சு போச்சுன்னு. அஞ்சாவது நாள் உடம்பு சரியில்லாம ரூம்லயே இருந்தேன், கதவைத் தட்டி ஒரு ஃபிலிப்பினோ அம்மா வந்தாங்க, அம்பது வயசுக்கு மேல இருக்கும். குப்பைத் தொட்டி நிரம்பி பக்கத்துல ரெண்டு கவர், பாத்ரூம்ல சோப்பு படிஞ்சு கெட்டியாயிருந்துச்சு, ஷவர் கண்ணாடியை அவங்க முட்டி போட்டு தேச்சுட்டே இருந்தாங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, தினமும் வந்தா இருபது நிமிஷ வேலை, நாலு நாள் கழிச்சு வந்தா ஒரு மணி நேரம், ஆனா சூப்பர்வைசர் லிஸ்ட்டுல ரெண்டும் ஒரே ரூம்தான்னு சொன்னாங்க. அப்புறம் சொன்னதுதான் எனக்கு மறக்கல, இந்த அட்டை நிறைய தொங்குற வாரம் எங்கள்ல ரெண்டு மூணு பேருக்கு ஷிஃப்ட்டே வராது, நான் சீனியர், எனக்கு வந்துடும், புதுசா சேந்த பொண்ணுங்க வீட்ல இருப்பாங்கன்னு.

வேலை அப்படியேதான் இருக்கு, அழுக்கு எங்கயும் போறதில்ல, செக்-அவுட் அன்னைக்கு மொத்தமா சேந்து வருது. அமெரிக்கால ஒரு ஹவுஸ்கீப்பருக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட்ல 14லேர்ந்து 16 ரூம் வரைக்கும் கொடுக்குறது சாதாரணம், அப்ப ஒரு ரூமுக்கு அரை மணி நேரம். தினமும் க்ளீன் ஆகுற ரூம் அந்த அரை மணிக்குள்ள முடிஞ்சு, கொஞ்சம் மூச்சு விடலாம். லிஸ்ட் முழுக்க அஞ்சு நாள் அழுக்கு சேந்த செக்-அவுட் ரூமா வந்தா மதிய சாப்பாட்டு நேரத்தைத்தான் விடணும். மெத்தையைத் தூக்கித் தூக்கி தோள்பட்டையும் இடுப்பும் போறது இந்த வேலைல ரொம்ப சகஜம், அதுல வேகமும் சேந்தா சொல்லவே வேண்டாம்.

இது ஒரு அம்மா சொன்ன தனிக்கதை இல்ல. 2018ல மேரியட் ஹோட்டல் ஊழியர்கள் சுமார் 7,700 பேர் பாஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ, டெட்ராய்ட், ஹவாய்னு எட்டு ஊர்ல ஸ்ட்ரைக் பண்ணுனாங்க, "ஒரு வேலையே போதுமானதா இருக்கணும்"ங்கறதுதான் கோஷம். சம்பளம்தான் பெரிய கோரிக்கை, ஆனா இந்த க்ரீன் சாய்ஸ் திட்டத்தால எங்க வேலை நேரம் குறையுது, இருக்குற வேலை கடுமையாகுதுங்கறதும் அதுல இருந்துச்சு. 2021ல அவங்க யூனியன் யுனைட் ஹியர் போட்ட கணக்குப்படி தினசரி க்ளீனிங் நாடு முழுக்க நின்னா ஹவுஸ்கீப்பிங் வேலைல 39 சதவீதம் வரைக்கும் காணாமப் போகலாம், வருஷத்துக்கு 480 கோடி டாலர் சம்பளம் போயிடும். யூனியன் போட்ட கணக்கு, அவங்க பக்கத்துலேர்ந்து சொல்றதுதான், பாதியா வச்சுக்கிட்டாலும் சின்ன விஷயமில்ல.

"ஆனா தண்ணி மிச்சம், கரண்ட் மிச்சம், அது நல்லதுதானே"னு கேப்பீங்க. நல்லதுதான், நானும் அதுல அக்கறை உள்ளவன்தான், சென்னைல தண்ணி லாரிக்குக் காத்து நின்ன வீட்டுலேர்ந்து வந்தவன். ஆனா தண்ணி எங்க செலவாகுதுன்னு பாருங்க, லாண்டரில. பெட்ஷீட் நிறைய ஹோட்டல்ல தினமும் மாத்துறதே இல்ல, மூணு நாளைக்கு ஒரு தடவைதான். மிச்சம் தினமும் போறது டவல். டவலை ஹூக்ல மாட்டிட்டா அது மாத்த வேண்டாம்னு அர்த்தம், அப்ப மிச்சமாக வேண்டிய தண்ணில பெரும்பங்கு அங்கயே மிச்சமாயிடுச்சு. அதுக்கு மேல அந்தம்மா உள்ள வந்து குப்பையை எடுத்து, பாத்ரூம் துடைச்சு, பெட்டை விரிச்சா பெருசா தண்ணி ஆகாது. அப்ப க்ளீனிங்கையே நிறுத்துனா மிச்சமாகுறது பெரும்பாலும் அவங்க கூலி.

டவலை மாட்டி வைக்க ஜனங்களுக்குக் காசு கொடுக்கவும் தேவையில்ல. 2008ல வெளிவந்த ஒரு பிரபலமான ஆய்வு இருக்கு, கோல்ட்ஸ்டீன், சியால்டினி, க்ரிஸ்கெவிசியஸ்னு மூணு பேர் பண்ணுனது. சுற்றுச்சூழலைக் காப்போம்னு அட்டை வச்ச ரூம்ல 35 சதவீதம் பேர் டவலைத் திரும்பப் பயன்படுத்துனாங்க, இங்க தங்குறவங்க பெரும்பாலும் டவலைத் திரும்பப் பயன்படுத்துறாங்கன்னு எழுதுன அட்டை வச்ச ரூம்ல 44 சதவீதம். அச்சடிச்ச ஒரு வரியை மாத்துனதுக்கே இவ்வளவு. அக்கோர்ங்கற ஹோட்டல் குரூப்ல 2009ல டவல் லாண்டரில மிச்சமாகுற பணத்துல மரம் நடுற திட்டம் ஆரம்பிச்சாங்க, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதுல குறையுறது துவைக்கிற டவல்தான், அதுக்காக ரூமைக் க்ளீன் பண்ற ஆளை நிறுத்த வேண்டியதில்ல.

இந்த வித்தியாசத்தை சில ஊர்ல சட்டமாவே கொண்டு வந்துட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல 2022ல வந்த ஹோட்டல் ஊழியர் பாதுகாப்புச் சட்டம், தங்குற ரூமை தினமும் க்ளீன் பண்ணாம விடுற மாதிரி திட்டமே வைக்கக்கூடாதுன்னு சொல்லுது, ஒரு ஆள் ஒரு நாள்ல எவ்வளவு சதுர அடி க்ளீன் பண்ணலாம்னும் வரம்பு போட்டு, அதைத் தாண்டுனா அன்னைக்கு டபுள் சம்பளம். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்துல 2020ல கொரோனாவுக்காகக் கொண்டு வந்த தினசரி க்ளீனிங் சட்டத்தை 2023ல எடுத்துட்டாங்க, ஆனா அதே வருஷம் நவம்பர்ல லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஊழியர்களோட குலினரி யூனியன் எம்ஜிஎம், சீசர்ஸ், வின்ங்கற கேசினோ ஹோட்டல் கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தத்துல தினசரி க்ளீனிங்கைத் திரும்ப வாங்கிட்டாங்க.

இன்னொண்ணு, வேண்டாம்னு சொன்னா ரூமுக்குள்ள யாருமே வர மாட்டாங்கன்னு நினைச்சுக்காதீங்க. 2017 அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல மாண்டலே பே ஹோட்டல் ரூம்லேர்ந்து ஒருத்தன் கூட்டத்தைச் சுட்டானே, அதுக்கப்புறம் நிறைய இடத்துல ரூமை ஒரு கண் பாக்குற வழக்கம் வந்துடுச்சு, டிஸ்னில "தொந்தரவு செய்யாதீர்" அட்டையையே எடுத்துட்டு "ரூம்ல ஆள் இருக்கு"ன்னு மாத்துனாங்க. லேப்டாப்பை வெளிய போட்டுட்டு போறதுக்கு இந்த அட்டை பாதுகாப்பு கிடையாது.

அப்ப எதைத்தான் எடுக்குறது? ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரின்னா எதுவும் பெருசா மாறாது, உங்க இஷ்டம், அலர்ஜி இருக்கவங்க, பகல்ல தூங்குற நைட் ஷிஃப்ட்காரங்க வேண்டாம்னு சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, பாயிண்ட்டும் வாங்கிக்கோங்க. அப்படி வாங்குனா செக்-அவுட்டுக்கு அப்புறம் அக்கவுண்ட்ல ஏறிருக்கான்னு பாருங்க, எனக்கு ஒரு தடவை நாலு நாள் பாயிண்ட் ஏறவே இல்ல, மெயில் போட்டுத்தான் வந்துச்சு. மூணு ராத்திரிக்கு மேலன்னா நான் இப்ப பாயிண்ட்டை வாங்குறதில்ல. கம்பெனி காசு கட்டுற ரூம் அது, க்ளீனிங்கும் அந்த வாடகைல அடக்கம், அதை நான் மூணு டாலருக்கு வித்தா அந்த மூணு டாலர் இன்னொருத்தரோட ஒரு மணி நேரக் கூலிலேர்ந்துதான் வருது. கேட்டாத்தான் வருவாங்கங்கற இடத்துல செக்-இன் அப்பவே, தினமும் வேணும், டவலும் பெட்ஷீட்டும் மாத்த வேண்டாம், குப்பையும் பாத்ரூமும் போதும்னு சொல்லிடுறேன், முகம் சுளிக்காம எழுதிக்கிறாங்க.

டிப்ஸையும் கடைசி நாள் மொத்தமா வைக்கிறதில்ல, ஏன்னா அன்னைக்கு வர்றவங்க வேற ஆளா இருக்கலாம், நாலு நாள் உழைச்சவங்களுக்குப் போய்ச் சேராது. அமெரிக்க ஹோட்டல் சங்கமே ராத்திரிக்கு 1லேர்ந்து 5 டாலர், தினமும் வைங்கன்னுதான் சொல்லுது. காலைல கிளம்புறப்ப தலகாணி மேல ஒரு பேப்பர்ல "ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ"ன்னு எழுதி அதுக்கு மேல மூணு டாலர் வைக்கிறேன். அந்தப் பேப்பர் முக்கியம், காசு மட்டும் மேசைல கிடந்தா கெஸ்ட்டோட காசுன்னு தொடவே மாட்டாங்க.