கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் போகும் மாதம்: எக்ஸ்100வி-யும் ஐந்து இலையுதிர் காலமும்

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி கேமரா வெளிவந்தது 2020 பிப்ரவரியில். நான் வாங்கியது அதே வருடம் செப்டம்பரில். கோவிட் காலம், எங்கேயும் போக வழியில்லை. கனடாவின் டொரண்டோ நகரத்து ஸ்கார்பரோவில் வீட்டைச் சுற்றி நடக்க மட்டும் தடையில்லை. அப்படி ஆரம்பித்த நடை இன்னும் நிற்கவில்லை. ஐந்து இலையுதிர் காலம் ஓடிவிட்டது. இந்த கேமராவைப் பற்றி இனி பேசலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவு முழுக்கத் தீப்பிடித்ததுபோல் சிவந்த மேப்பிள் காடுதான் உங்களுக்கு வேண்டுமென்றால் இந்த கேமரா வேண்டாம். லென்ஸை மாற்ற முடியாது, ஜூம் கிடையாது. 23 மி.மீ. லென்ஸ், பழைய ஃபிலிம் கணக்கில் 35 மி.மீ. பார்வை. தூரத்து மலை அதில் கடுகு மாதிரி தெரியும். ஆனால் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்குவதை நம் தெருவிலேயே பிடிக்க வேண்டுமென்றால் இதற்கு இணை நான் பார்க்கவில்லை.

அந்த மாற்றம் இலையில் ஆரம்பிப்பதில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு மாதம் கண்ணில் படாத மஞ்சள் பள்ளிப் பேருந்து தெருமுனையில் வந்து நிற்கும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஏசி இறங்கும். காலை எட்டு மணிக்கு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் பேருந்துக்கு நின்ற பையன், மூன்று மணிக்கு அதே ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவான். முதல் வருடம் இதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை, மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வெளிச்சம். சென்னையில் வளர்ந்தவனுக்கு உச்சிவெயிலில் கேமராவைத் தொடுவதே பாவம். இங்கே ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட 70 பாகை உயரத்தில் நிற்கும், செப்டம்பர் 22 வாக்கில் அது 46 பாகைக்கு இறங்கிவிடும். அதனால் பகல் ஒரு மணிக்குக்கூட நிழல் நீளமாக விழுகிறது. கோடையில் இரவு ஒன்பதுக்கு மறைந்த சூரியன் ஏழேகாலுக்கே மறைகிறது. பகல் நேரம் தினமும் ஏறக்குறைய மூன்று நிமிடம் குறைகிறது. ஒரு வாரம் சோம்பல்பட்டால் போன வாரம் பார்த்த வெளிச்சம் அந்த மணிக்கு அந்தச் சுவரில் இருக்காது.

மாலையின் மஞ்சள் வெளிச்சத்தில்தான் முதல் இரண்டு வருடம் ஏமாந்தேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ வெள்ளைச் சமநிலை நல்லெண்ணத்தோடு அந்த மஞ்சளைத் திருத்திவிடுகிறது. மாலை ஆறு மணிப் படம் மதியம் எடுத்ததுபோல் வந்து நிற்கும். இப்போது ஆகஸ்ட் பிறந்ததுமே ‘டேலைட்’ என்று பூட்டிவிடுகிறேன்.

பழைய ஃபிலிம்களின் நிறத்தைக் கொடுக்கும் வண்ண அமைப்புகள் இதில் உண்டு. அவற்றில் நிறத்தை அழுத்திக் காட்டும் வெல்வியா எல்லோரையும் மயக்கும், சிவந்த சுகர் மேப்பிளுக்கு மட்டும் வைக்காதீர்கள். சிவப்பு நிரம்பி வழிந்து, இலையின் நரம்பே தெரியாமல் பெயிண்ட் கொட்டியதுபோல் ஆகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்கி, படத்தைச் சற்று இருட்டாக்கினால் கொஞ்சம் பிழைக்கும். நான் பெரும்பாலும் கிளாசிக் நெகட்டிவ். செங்கல் வீடு, துருப்பிடித்த வேலி, நனைந்த தார்ச்சாலை எல்லாம் அதில் அழகாக இறங்கும். ஆனால் நிழலில் நிற்கும் நம் மாநிறத்து முகங்கள் அதில் சேறு பூசியதுபோல் ஆகின்றன, அதனால் ஆட்கள் வந்தால் ப்ரோவியா என்ற சாதாரண அமைப்புக்கு மாறிவிடுகிறேன். ஜேபெக் படத்தோடு, கேமரா பதிவுசெய்த மூலத் தரவான ரா கோப்பையும் சேர்த்து வைத்துக்கொள்வதால் வீட்டில் உட்கார்ந்து கேமராவிலேயே மாற்றிப் பார்க்கவும் முடிகிறது.

எங்கள் தெருவில் இருப்பதோ அழகுச் சிவப்பு இல்லை, நார்வே மேப்பிள். எல்லா மரமும் கொட்டி முடிக்கும்போதுதான் இது சாவகாசமாக மஞ்சளாகும், அதிலும் இலை முழுக்கக் காசளவு கரும்புள்ளி. தார் சொட்டியதுபோல் இருக்கும் பூஞ்சை நோய் அது. ஒரு மழை நாளில் அந்தப் புள்ளி இலை ஒன்று பேருந்து நிறுத்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. உள்ளே ஒருவர் காபியோடு நிற்க, அவர் சட்டைக்கு மேல் இலை. ஐந்து வருடத்தில் எனக்குப் பிடித்த பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. ஈர இலையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் என்ற, திருகிச் சரிசெய்யும் ஃபில்டரை லென்ஸில் மாட்டியிருந்தேன். ஒரு எச்சரிக்கை: இந்த கேமராவின் ஆப்டிகல் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அதில் கண்ணை வைத்துக்கொண்டு போலரைசரைத் திருகினால் ஒன்றுமே மாறாது. லென்ஸ் பார்ப்பதைச் சின்னத் திரையில் காட்டும் மின்னணு வியூஃபைண்டருக்கு மாறித்தான் திருக வேண்டும். நான் அரைமணி நேரம் திருகியிருக்கிறேன்.

மழை என்றதும் இன்னொன்று. லென்ஸ் முன்னால் அடாப்டர் வளையமும் 49 மி.மீ. ஃபில்டரும் போட்டால்தான் இதற்கு மழைத் தடுப்பு முழுமை. அதை மாட்டுவதற்காக லென்ஸின் வெள்ளி வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன், குனிந்தபோது இலைக் குவியலில் விழுந்தது. மறுநாள் மாநகராட்சி இலைப் பைகளோடு அதுவும் போயிருக்கும். தப்பு என்னுடையதுதான்.

பேட்டரி ஒரு நாள் நடைக்குப் போதும், அக்டோபர் குளிர் வரும்வரை. அப்புறம் கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். மலிவு என்று வாங்கிய வேறொரு தயாரிப்பு வீங்கிப்போய் வெளியே வர மறுத்தது. கையாட்டத்தைச் சமாளிக்கும் வசதி கேமராவிலேயே கிடையாது. நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, அப்போது அந்தக் குறை நன்றாகவே தெரியும். 2024இல் வந்த அடுத்த மாடலான எக்ஸ்100-ஆறில் அது இருக்கிறது, 40 மெகாபிக்சலும் இருக்கிறது. இப்போதுதான் புதிதாக வாங்குபவர் என்றால் அதையே வாங்குங்கள். நான் மாறவில்லை. எனக்கு 26 மெகாபிக்சலே தாராளம்.

ஒரே லென்ஸ் என்பதால் ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நின்றால் அதே சட்டகம்தான் வரும். லாரன்ஸ் ஈஸ்ட் நிலைய மேடையில் செப்டம்பர் கடைசி மாலை வெயில் பக்கவாட்டில் வரும். நீல ரயில் வரும்போது மூன்று வருடம் தொடர்ந்து எடுத்தேன். 2023 ஜூலையில் அந்த ஸ்கார்பரோ லைன் 3 ரயில் தடம் நின்றே போனது. நான்காவது படத்தில் வெயில் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு தொடர் பக்கத்து வீட்டு ஆன்ரியின் கறிவேப்பிலைத் தொட்டி. யாழ்ப்பாணத்துக்காரர். இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்ன அன்றே அது பின்கட்டிலிருந்து வீட்டுக்குள் போயாக வேண்டும். அவருக்கு இலையுதிர் காலம் பிறப்பது அன்றுதான். முதல் வருடம் இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு படியேறினார். "தம்பி, இதையெல்லாமோ படம் எடுக்கிறீங்கள்? சரி, வடிவா எடுங்கோ" என்றார். அந்தப் படம் இன்னும் அவர் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஐந்து படங்களையும் வரிசையாக வைத்தால் கதவு அப்படியே இருக்கும், செடி மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரு சாண் ஏறியிருக்கும். போன செப்டம்பரில் உச்சிக்கொப்பு வாசல் நிலையில் இடித்தது. "கமராவை வச்சிட்டு இஞ்ச வந்து ஒரு கை பிடியுங்கோ" என்று கூப்பிட்டார். கேமராவைப் படியில் வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். செடியைச் சாய்த்து உள்ளே கொண்டுபோன அந்தக் காட்சிக்குப் படம் இல்லை.