ஏழு வயது மடிக்கணினிக்கு எஸ்எஸ்டியும் 32 ஜிபி ரேமும்: ஆறு மாத அனுபவம்

மீன்கொத்தி ஒருமுறை நீரில் பாய்ந்து எழுவதற்குள் என் கேமராவில் முப்பது நாற்பது படங்கள் சேர்ந்துவிடும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா அது. ஒரு காலைப்பொழுது முடியும்போது 1,500 படங்கள் இருக்கும். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதிவதைச் சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பு) ஒவ்வொன்றும் சுமார் 28 எம்பி என்றால் மொத்தம் 42 ஜிபி. இவ்வளவிலும் பறவையின் கண் கூர்மையாக விழுந்த படங்கள் பத்தோ பதினைந்தோ இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

என் மடிக்கணினியில் அப்படிப் பெரிதாக்கினால், மங்கலாக நிற்கும் படம் தெளிவதற்கு ஐந்தாறு நொடிகள் ஆகும். 1,500 படங்களுக்கு யாரால் அப்படிக் காத்திருக்க முடியும்? நாளடைவில் சிறு படத்தை மட்டும் பார்த்து, 'இது வேண்டாம்' என்று தள்ளிவிடத் தொடங்கினேன். புதுக் கணினி வாங்குவதா, இருப்பதைத் தேற்றுவதா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

வாங்கும் முன் இரண்டு நாள், கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தே வேலை செய்தேன். இதை எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். படங்களைப் பொறுக்கும்போது ரேம் (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் உழைப்போ 100 சதவீதத்தில் நின்றது. பூச்சிகளின் நெருக்கப் படங்கள் இருபதை ஃபோட்டோஷாப்பில் அடுக்கி ஒன்றாக்கும்போது ரேமும் நிரம்பி வழிந்தது, டிஸ்க்கும் திணறியது. ஒரே மந்தம்போலத் தெரிந்தாலும் இரண்டு வெவ்வேறு நோய்கள் அவை.

முதல் நோய்க்குக் காரணம் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய டிஸ்க். ஒரு சுற்றுக்கே 11 மில்லி விநாடி ஆகிறது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிப்பதை அது ஓரளவு நன்றாகவே செய்யும். ஆனால் நான் படங்களைப் பொறுக்கவும் திருத்தவும் பயன்படுத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் கேட்டலாக், அதாவது படங்களின் பட்டியல், ஒரு தரவுத்தளம். அதன் பிரிவியூக்கள், அதாவது விரைவில் காட்டுவதற்கான முன்னோட்டப் படங்கள், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் முனை இடம் விட்டு இடம் ஓட வேண்டும். சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு எதுவும் இல்லை.

என் கணினியில் சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை ஒன்று காலியாக இருந்தது. அது பழைய, வேகம் குறைந்த சாட்டா இணைப்பு வகையை மட்டும் ஏற்குமா, வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்குமா என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதிசெய்த பிறகே வாங்கினேன். துளை ஒரே மாதிரி இருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற நேரும். நான் தேர்ந்தெடுத்தது சாம்சங் 970 ஈவோ பிளஸ், 1 டிபி. நொடிக்கு 3,500 எம்பி வரை படிக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. சாட்டா எஸ்எஸ்டிகள் 550 எம்பி அளவில் நின்றுவிடும். எண்ணைப் பார்த்தால் ஆறு மடங்குக்கு மேல். படம் பொறுக்கும் வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே என் கருத்து. நண்பர் ஒருவரின் சாட்டா எஸ்எஸ்டி கணினியில் இதே படங்களைத் திறந்து பார்த்தேன். என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. எம்.2 துளை இல்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டாம்.

வேகத்தைவிட உள்ளே இருக்கும் நினைவகச் சில்லின் வகையைப் பாருங்கள். விலை குறைந்த க்யூஎல்சி வகை (ஒரு நினைவக அறையில் நான்கு பிட் சேமிப்பவை) எஸ்எஸ்டிகள் முதலில் விறுவிறுவென்று எழுதும். எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் அவற்றின் வேகமான இடைக்காப்புப் பகுதி நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். ஒரே மூச்சில் 42 ஜிபி இறக்குகிற என்னைப் போன்றவர்களுக்கு, அறைக்கு மூன்று பிட் சேமிக்கும் டிஎல்சி வகையே பொருந்தும். ஆயுளைப் பற்றியும் பயந்தேன். நான் வாங்கியதற்கு 600 டெராபைட் எழுதும்வரை, அல்லது 5 ஆண்டுகள் வரை உத்தரவாதம் உண்டு. வாரம் ஒருமுறை 42 ஜிபி இறக்கினாலும் ஆண்டுக்கு 2.2 டெராபைட்தான் ஆகிறது. கணக்குப் போட்டதும் பயம் போய்விட்டது.

ரேம் விஷயத்திலும் கணக்கு உதவியது. 24 மெகாபிக்சல் படம் 16 பிட்டில் திறக்கப்படும்போது ஒரு பிக்சலுக்கு 6 பைட் வீதம் 144 எம்பி இடம் பிடிக்கிறது. இருபது அடுக்குகளுக்கு 2.9 ஜிபி, முகமூடிகளும் பழைய நிலைகளின் நினைவும் சேர்ந்தால் அது பல மடங்காகும். என்னிடம் இருந்த 8 ஜிபியில் இயங்குதளத்துக்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். இடம் போதாதபோது ஃபோட்டோஷாப் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அந்த டிஸ்க்தான் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது. 16 ஜிபி துண்டுகள் இரண்டை இணையாகப் போட்டேன். பொருத்தி முடித்து பொத்தானை அழுத்தியபோது திரை இருண்டே கிடந்தது. கணினி போய்விட்டது என்று நெஞ்சு பதறியது. ஒரு துண்டு முழுதாக உட்காரவில்லை, அவ்வளவுதான். பக்கவாட்டுக் கொக்கிகள் 'கிளிக்' என்று பிடிக்கும்வரை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது.

கேட்டலாக்கைப் புது டிஸ்க்குக்கு மாற்றும்போது அதனுடன் இருக்கும் பிரிவியூ கோப்புறையை விட்டுவிட்டேன். மென்பொருள் எல்லா பிரிவியூக்களையும் முதலிலிருந்து உருவாக்கத் தொடங்கி ஓர் இரவு முழுவதும் ஓடியது. இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

இப்போது பெரிதாக்கிய படம் ஒரு நொடிக்குள் தெளிகிறது. லைட்ரூம் திறக்க 50 நொடி ஆனது 8 நொடியாகிவிட்டது. 14 நிமிடம் இழுத்த அடுக்கு வேலை 4 நிமிடத்தில் முடிகிறது. ஆனால் 200 படங்களை ஜேபெக்காக ஏற்றுமதி செய்ய ஆகும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அது பிராசஸரின் வேலை. செயற்கை நுண்ணறிவால் படத்தின் இரைச்சலை (பொடிப்புள்ளிகளை) நீக்கும் வசதிக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் பலம். இந்த இரண்டுக்காகவும் மேம்படுத்த நினைப்பவர்களுக்கு எஸ்எஸ்டியும் ரேமும் பெரிதாகக் கைகொடுக்காது.

கேமராவின் மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்கும் கார்டு ரீடரை நான் மறந்தே போயிருந்தேன். பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் நொடிக்கு 35 எம்பிதான் தரும். 42 ஜிபி இறங்க 20 நிமிடம் ஆகும். யுஎஸ்பி 3.0 ரீடருக்கு மாறியதும் 8 நிமிடம். செலவிட்டதில் மிகச் சிறிய தொகை இதுதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. பணி முடிந்த படங்கள் அதில் உறங்குகின்றன. வெளி டிஸ்க் ஒன்றிலும், வேறொரு வீட்டில் இருக்கும் டிஸ்க்கிலும் பிரதிகள் உள்ளன. எஸ்எஸ்டி பழுதானால் பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது.

சென்ற மாதம், முன்பு 'வேண்டாம்' என்று தள்ளிய படங்களின் கோப்புறையைத் திறந்தேன். மொத்தம் 11,000 படங்கள். நல்லவேளையாக அழிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் மாலையில் ஒரு மீன்கொத்தி: அலகில் குறுக்காக மீன், இறகு நுனியில் பிரியும் நீர்த்துளி, கண்ணில் வானத்தின் வெளிச்சம், எல்லாம் ஊசிமுனைக் கூர்மையில். அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இன்னும் 7,000 படங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.