43 அங்குலத் திரையில் 30 லட்சம் ஆண்டுகள்

டிவியைப் போட்டு ரெண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியும் திரை கறுப்பாகவே இருந்தது. இசை மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போல வந்துகொண்டிருந்தது. "படம் வரல, சத்தம்தான் வருது. ஒயரைப் பிடுங்கி மாட்டிப் பாரு" என்றார் அம்மா. நானும் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, தூசியைத் தடவி, ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். அப்போதும் கறுப்புதான்.

பழுதாகியிருந்தது டிவி இல்லை, எங்கள் பொறுமை. 1968இல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' அப்படித்தான் தொடங்குகிறது. தியேட்டரில் ஆட்கள் வந்து உட்காரட்டும் என்று இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வெறும் இசையை ஓடவிட்டிருக்கிறார். அதன் பிறகு முதல் வசனம் வர இன்னும் ஏறக்குறைய 25 நிமிடம். குரங்கு எலும்பைக் கையில் எடுப்பதற்குள் அம்மா தூங்கிவிட்டார். எனக்கும் மனசு ஒட்டவில்லை. பெரிய படம்தான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதில் வரும் பிரம்மாண்டமான விண்வெளிக் கப்பல் என் மேஜை மேலிருக்கும் ஸ்டேப்ளர் அளவுக்குத் தெரியும்போது வாய் பிளக்க வரமாட்டேன் என்கிறது.

அன்று முதல் ஒரு மாதமாக, ராத்திரியில், அறிவியல் புனைவும் நகைச்சுவையும் கலந்ததாகத் தேடித்தேடிப் பார்க்கிறோம். வீட்டுத் திரையில் விண்வெளி சுருங்கிவிடுகிறது. விண்வெளியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் மட்டும் சுருங்குவதில்லை.

'கேலக்ஸி குவெஸ்ட்' (1999) விஷயத்தில் இதை அளந்தே பார்த்தேன். ஒரு காலத்தில் விண்வெளித் தொடரில் நடித்து, இப்போது ரசிகர் கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் நடிகர்களைப் பற்றிய படம். புனைகதை என்றால் என்னவென்றே தெரியாத வேற்றுலக வாசிகள் அந்தத் தொடரை உண்மை வரலாறு என்று நம்பி, அதில் வரும் கப்பலை நிஜமாகவே கட்டிவைத்துக்கொண்டு இவர்களை உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் பழைய தொடர் ஓடும்போது காட்சி அந்தக்கால டிவி போலச் சதுரப் பெட்டிக்குள் இருக்கும். பிறகு நிஜ விண்வெளி வரும் இடத்தில் அகன்று விரியும். தியேட்டரில் அது கூட்டத்தையே நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும். என் டிவியிலோ, பக்கவாட்டில் இருந்த கறுப்புப் பட்டைகள் மறைந்து, மேலேயும் கீழேயும் புதிதாக ரெண்டு கறுப்புப் பட்டைகள் வந்தன. நிறுத்திவிட்டு டேப் எடுத்து அளந்தேன். முதலில் 71 சென்டிமீட்டர் அகலம், 53 உயரம். விரிந்த பிறகு 95 அகலம், 40 உயரம். பெருக்கிப் பார்த்தால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பரப்பு! இயக்குநர் டீன் பாரிசோ பண்ணிய வித்தை மொத்தமும் என் சுவரில் ஒரு பட்டை இடம் மாறிய கதையாகிவிட்டது.

சரி, விரிவு போனால் போகட்டும். படம் கொஞ்சமும் குறையவில்லை. பழைய தொடரில் விறுவிறுப்புக்காக, காரணமே இல்லாமல், ஆளை நசுக்கும் எந்திரங்கள் நிறைந்த நடைபாதை ஒன்று இருந்திருக்கிறது. கட்டியவர்கள் அதையும் விடாமல் கட்டிவிட்டார்கள். இப்போது அந்த நடிகர்களாக வரும் சிகர்னி வீவரும் டிம் ஆலனும் அதற்குள் ஓட வேண்டும். இது எதற்குக் கப்பலில் இருக்கிறது என்று சிகர்னி வீவர் கத்துகிறாரே, அது எத்தனையோ படங்கள் பார்த்து நான் மனசுக்குள் கத்தியது. வெடிக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம், நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகும் ஓடிக்கொண்டே இருந்து 1இல் வந்து நிற்கிறது. தொடரில் எப்போதும் 1இல்தானே நிற்கும்! படம் யாரையும் கிண்டல் செய்து நழுவிவிடவில்லை. போட்ட விதியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு, ஆளை அதற்குள் தள்ளிவிடுகிறது. ஆலன் ரிக்மேனின் தலையில் ஒட்டிய ரப்பர் ஒப்பனை காட்சிக்குக் காட்சி பிய்ந்துகொண்டே போவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அது வீட்டில் மட்டும் கிடைக்கும் சுகம்.

'ஸ்டார் வார்ஸ்' படத்தைக் கிண்டல் செய்யும் மெல் புரூக்ஸின் 'ஸ்பேஸ்பால்ஸ்' (1987) பாதி நேரம் சலிப்பு. பெயரை வைத்தே சிரிக்க வைக்கப் பார்க்கிறது. ஆனால் வில்லன்கள் தாங்கள் நடித்துக்கொண்டிருக்கும் இதே படத்தின் வீடியோ கேசட்டைப் போட்டு, வேகமாக ஓட்டி, இந்த நொடியில் தாங்கள் நிற்கும் இடத்துக்கே வந்து முழிக்கும் காட்சி இருக்கிறதே, அது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியது. அந்த இடத்தில் நானும் நிறுத்தினேன். அவர்கள் திரையைப் பார்க்க, நான் அவர்களைப் பார்க்க, கொஞ்ச நேரம் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றே புரியவில்லை.

'டார்க் ஸ்டார்' (1974) ஜான் கார்ப்பென்டரின் முதல் முழுநீளப் படம், கல்லூரி மாணவர் படமாகத் தொடங்கி வளர்ந்தது. வேற்றுலக உயிர் என்று வருவது கடற்கரையில் உதைத்து விளையாடும் பந்து, கீழே நகம் வைத்த ரெண்டு பாதம். மறைக்கவே முயலவில்லை. அதைத் துரத்திப்போய், லிஃப்ட் குழாய்க்குள் தொங்கி, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் வெகுநேரம் கஷ்டப்படுகிறவர் டான் ஓ'பேனன். கார்ப்பென்டரோடு சேர்ந்து படத்தை எழுதியவரும் அவரே. ஐந்து வருடம் கழித்து 'ஏலியன்' என்ற திகில் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவர்தான். பந்தைத் துரத்தியவரிடமிருந்தா அந்தப் பயங்கரம் வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இருட்டுக் குழாய், எங்கிருந்து பாயுமோ என்ற காத்திருப்பு எல்லாம் இங்கேயே இருக்கிறது. கடைசியில் பேசத் தெரிந்த ஒரு வெடிகுண்டோடு தத்துவம் பேசி வாதாடுவது தனி ரகம். நடுவில் தொய்வுதான், ஆனாலும் தவறவிடக் கூடாது.

தமிழில் 'இன்று நேற்று நாளை' (2015) மறுபடி பார்த்தேன். ஆர். ரவிக்குமாரின் படம். கால எந்திரம் கையில் கிடைத்தும் விஷ்ணு விஷாலும் கருணாகரனும் உலகத்தைக் காப்பாற்றப் போவதில்லை. ஜோசியம் என்ற பெயரில், தொலைந்த பொருள் எங்கே போனது என்று நேற்றுக்குப் போய்ப் பார்த்துவந்து சொல்லிக் காசு பண்ணுகிறார்கள். நம்மிடம் கிடைத்தாலும் நாம் அதைத்தான் செய்திருப்போம். காதல் வரும் இடங்களில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றபடி பத்து வருடம் கழித்தும் கட்டுக் குலையாத திரைக்கதை.

சிரிப்புக்கு வீட்டில் ஒரு எதிரி உண்டு, சப்டைட்டில். நான் பார்க்கும் ஒரு தளத்தில் எழுத்து எப்போதும் ஒரு நொடி முந்திக்கொண்டு வரும். நடிகர் வாயைத் திறப்பதற்குள் நகைச்சுவையைப் படித்து முடித்திருப்பேன். அப்புறம் அவர் சொல்வது, ஏற்கெனவே கேட்ட ஜோக்கை மாமா மறுபடி சொல்வது போல. அணைத்துவிட்டால் பாதி ஆங்கிலம் பிடிபடாது. கடைசியில் திரையின் அடிப்பகுதியை மறைக்க ஒரு அட்டையை வைத்தேன், புரியாதபோது மட்டும் எடுத்துப் பார்த்துக்கொள்ள. பார்க்கக் கேவலமாக இருக்கிறது, வேலை செய்கிறது.

இத்தனையிலும் அம்மா விழித்திருந்து பார்த்தது ஒன்றே ஒன்று, பிபிசியில் 1988இல் தொடங்கிய 'ரெட் ட்வார்ஃப்' தொடர். டிவிக்கென்றே எடுத்தது என்பதால் சுருங்குவதற்கு அதில் எதுவும் இல்லை. ரெண்டு மூன்று சாம்பல் நிற அறைகள், மனசு ஒத்துப்போகாத ரெண்டு ஆட்கள். அனுமதி இல்லாமல் பூனையைக் கப்பலுக்குள் கொண்டுவந்ததற்காக அவர்களில் ஒருவனான லிஸ்டர் உறைநிலையில் அடைக்கப்படுகிறான். வெளியே கதிர்வீச்சு கசிந்து எல்லோரும் சாகிறார்கள். கதிர்வீச்சு தணியும்வரை கப்பலின் கணினி காத்திருந்து கதவைத் திறக்கும்போது 30 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வெளியே வந்தவன் அங்கங்கே கிடக்கும் வெள்ளைப் பொடியை இது என்னவென்று விரலில் தொட்டு நக்கிப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவரும் எங்கே என்று கேட்கிறான். கணினி ஹாலி சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் செத்துவிட்டார் என்றே பதில் சொல்கிறது. பொடி என்ன என்று அவனுக்குப் புரிவதற்குச் சற்று முன்னாலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயையோ, துப்புடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்த தொடர், அதனால் சிரிப்புச் சத்தம் கூடவே வரும். வழக்கமாக எனக்கு அது எரிச்சல். ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டே பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் அது துணையாக இருந்தது. முதல் மூன்று பாகங்களை 1998இல் கணினி வரைகலை சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய பதிப்பின் பொம்மைக் கப்பலில் இருக்கும் கனம் புதியதில் இல்லை.

குறை ஒன்று உண்டு. அந்த ரெண்டு ஆட்களில் இன்னொருவனான, செத்துப்போன ரிம்மர் ஒளியால் ஆன உருவமாகத் திரும்பி வருகிறான், எதையும் தொட முடியாது. ஆனால் கட்டிலில் மட்டும் ஜம்மென்று படுத்துக்கொள்கிறான். "தொட முடியாதவன் எப்படிப் படுத்திருக்கான்?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை, தொடரிடமும் இல்லை. விதி விஷயத்தில் 'கேலக்ஸி குவெஸ்ட்' அளவுக்கு இது கறாரில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது லிஸ்டரும் இல்லை, ரிம்மரும் இல்லை. திரையில் வெறும் தலையாக வந்து, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பேசும் ஹாலிதான். நடித்தவர் நார்மன் லவட். ரெண்டு பாகம், 12 அத்தியாயம் முடித்துவிட்டோம். மூன்றாம் பாகத்தில் ஹாலியாக வேறு ஆள் வருகிறார். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.